போடச் சொன்ன ஊசி... வேண்டாமென்ற ஊசி! மரணத்தின் வாசலில் காந்தி

குற்றாலத்தில் சீசன் ஆரம்பிச்சாச்சுன்னா நம்ம போன் முழுக்க அருவிதான். மெயின் அருவியில் தலையைக் கொடுத்து நிற்கும் ரீல்ஸ், ஐந்தருவி செல்ஃபி, சாரலில் நனைந்தபடி சாப்பிடும் பரோட்டா. தென்காசி வரை போய்விட்டு அருவியில் குளிக்காமல் திரும்பினால், வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அப்படித் திரும்பிய ஒருவர் உண்டு. 1934 ஜனவரி. தீண்டாமைக்கு எதிராக நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த காந்தி, குற்றாலத்துக்கு வந்தார். அருவி அருகில்தான். ஆனால், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அந்த இடத்தில் அனுமதி இல்லை என்று தெரிந்ததும், குளிக்காமலேயே கிளம்பிவிட்டார்.

காந்தியின் வழக்கமே இதுதான். ஒரு கொள்கையை மேடையில் பேசிவிட்டுப் போகமாட்டார். தன் உடம்பில், தன் வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்ப்பார். சில சோதனைகள் அருவியில் குளிக்காமல் இருப்பதுபோலச் சுலபமானவை. சில சோதனைகள் குலை நடுங்கவைப்பவை.

அதில் ஒன்று, இன்றைக்கும் நம்ம வீடுகளில் யாரும் சத்தமாகப் பேசாத கேள்வி. இனி பிழைக்க வழியே இல்லை என்ற நிலையில் ஒருவர் வலியில் துடிக்கும்போது, அவரைப் போகவிடலாமா? நாமே அனுப்பிவைக்கலாமா? அகிம்சையின் அடையாளமாக நாம் ரூபாய் நோட்டில் பார்க்கும் அந்த மனிதர், இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்கச் சுமந்தார்.

அப்பாவின் கால்மாட்டில்

கதை குஜராத்தில் ஆரம்பிக்கிறது. காந்திக்கு அப்போது 16 வயது. அப்பா கரம்சந்த் பவுத்திர நோயால் படுத்த படுக்கை. நாட்டு வைத்தியர், ஹக்கீம், ஊர் மருத்துவர் என்று எல்லோரும் பார்த்தாகிவிட்டது. பம்பாயில் இருந்த ஆங்கிலேய சர்ஜன் ஆபரேஷன் செய்யலாம் என்றார். இந்த வயதில் வேண்டாம் என்று குடும்ப டாக்டர் தடுத்துவிட்டார். அப்பா வீடு திரும்பினார்.

புண்ணைக் கழுவிக் கட்டுவது, மருந்து கொடுப்பது, ராத்திரி கால் பிடித்துவிடுவது எல்லாம் சின்னப் பையன் மோகன்தாஸின் வேலை. ஸ்கூல் விட்டால் நேராக அப்பாவின் கட்டிலுக்கு வந்துவிடுவார்.

ஒருநாள் இரவு பத்தரை, பதினொன்று இருக்கும். சித்தப்பா வந்து, நான் பார்த்துக்கறேன், நீ போய்த் தூங்கு என்று அனுப்பினார். பையன் தன் அறைக்கு, இளம் மனைவி கஸ்தூரிபாவிடம் போனார். சில நிமிடங்களில் கதவு தட்டப்பட்டது. அப்பா போய்விட்டார்.

கடைசி நொடியில் பக்கத்தில் இல்லாமல்போன அந்தக் குற்ற உணர்ச்சி அவரைவிட்டுப் போகவே இல்லை. பல வருஷம் கழித்து எழுதிய சுயசரிதையில், அழிக்க முடியாத கறை என்ற அளவுக்கு அதைச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் யார் நோயில் படுத்தாலும் முதல் ஆளாக அங்கே போய் உட்காருவதற்கான காரணத்தை இந்த இரவில்தான் தேட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நல்ல வருமானம் வந்த வக்கீலாக இருந்தபோதும், தினமும் நேரம் ஒதுக்கி ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் வேலையைச் செய்தார்.

பத்து வயசுப் பையனிடம் கேட்ட கேள்வி

அடுத்த சோதனை பம்பாயில். இரண்டாவது மகன் மணிலாலுக்குக் கடுமையான டைஃபாய்டு, கூடவே நிமோனியா. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, முட்டையும் கோழிச் சூப்பும் கொடுத்தே ஆகணும் என்றார். சைவக் குடும்பம். மகனுக்கோ பத்து வயதுதான்.

காந்தி அந்த முடிவைத் தான் மட்டும் எடுக்கவில்லை. காய்ச்சலில் கிடந்த பையனிடமே போய், டாக்டர் சொன்னதையும், தான் செய்ய நினைக்கும் தண்ணீர் சிகிச்சையையும் சொன்னார். பையன் சூப் வேண்டாம் என்றான். 104 டிகிரி காய்ச்சல். ஈரத்துணியைச் சுற்றிப் படுக்கவைத்துவிட்டு, மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, பயத்தில் செளபாத்தி கடற்கரைப் பக்கம் நடக்கப் போய்விட்டார். திரும்பி வந்தால் வியர்த்துக் கொட்டி, காய்ச்சல் இறங்க ஆரம்பித்திருந்தது. மணிலால் பிழைத்தார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடணும். இன்றைக்கு யாரும் இதை வீட்டில் முயற்சி செய்யக் கூடாது. டைஃபாய்டுக்கு இப்போது நல்ல மருந்து இருக்கு. பத்து வயசுக் குழந்தையால் இப்படியொரு முடிவை எடுக்க முடியுமா என்பதும் நியாயமான கேள்விதான். ஆனாலும், நோயாளியிடமே கேட்கணும் என்று அந்த அப்பாவுக்குத் தோன்றியது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை.

டர்பனில் இதே கதை மறுபடி நடந்தது. ஆபரேஷன் முடிந்து எழ முடியாமல் கிடந்த கஸ்தூரிபாவுக்கு மாட்டிறைச்சிச் சாறு கொடுக்க அனுமதி கேட்டு, ஜோஹானஸ்பர்க்கில் இருந்த காந்திக்கு டாக்டர் போன் செய்தார். அவளிடம் கேளுங்கள், அவள் சம்மதித்தால் கொடுங்கள் என்பதுதான் காந்தியின் பதில். நோயாளியிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்றார் டாக்டர். அன்றைக்கே ரயில் ஏறி டர்பன் போனார் காந்தி. கஸ்தூரிபா உறுதியாக மறுத்தார். தூறலில் நனைந்தபடி, தொட்டில்போலத் துணிகட்டித் தூக்கிக்கொண்டு போய் அவரை ஃபீனிக்ஸ் குடியிருப்பில் சேர்த்தார்கள். அவரும் பிழைத்துக்கொண்டார்.

சபர்மதியில் ஒரு கன்றுக்குட்டி

இப்போது 1928-க்கு வருவோம். சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டிக்கு உடம்பு முடியாமல் போனது. எல்லா சிகிச்சையும் செய்து பார்த்தார்கள். பார்க்க வந்த மருத்துவர் கைவிரித்துவிட்டார். புரண்டு படுக்கக்கூட அதனால் முடியவில்லை. யாராவது தூக்கினால் வலி இன்னும் அதிகமானது.

காந்தி ஆசிரமத்து ஆட்களைக் கூப்பிட்டுப் பேசினார். உயிரைக் கொடுக்க முடியாத நமக்கு அதை எடுக்கவும் உரிமை இல்லை என்று ஒருவர் எதிர்த்தார். காந்திக்கு அந்த வாதம் இங்கே பொருந்துவதாகத் தெரியவில்லை. நமக்கு ஏதாவது லாபம் இருந்து உயிரை எடுத்தால்தான் அந்தக் கேள்வி வரும், இங்கே நமக்கு என்ன லாபம் என்று யோசித்தார். கடைசியில், தன் கண் முன்னாலேயே ஒரு டாக்டரை விட்டு விஷ ஊசி போடச் சொன்னார். இரண்டு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்தது.

அதை மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. காந்தியோ தன் பத்திரிகைகளான ‘நவஜீவன்’, ‘யங் இந்தியா’ இரண்டிலும் அவரே எழுதினார். அப்புறம் என்ன, நாடு கொந்தளித்தது. இன்றைய சோஷியல் மீடியா ட்ரோலுக்குக் கொஞ்சமும் குறையாமல் கடிதங்கள் வந்து குவிந்தன. பசுவைக் கும்பிடும் நாட்டில் அகிம்சை பேசும் ஆள் கன்றைக் கொன்றுவிட்டார் என்பது சின்னக் குற்றச்சாட்டா?

அடுத்து வந்த கேள்விதான் உண்மையிலேயே கடினம். இதே நிலையில் ஒரு மனிதர் இருந்தால்? காந்தி நழுவவில்லை. தன் பிள்ளைக்கே வெறிநாய்க்கடி நோய் வந்து, வேறு எந்த வழியும் இல்லாமல் துடித்தால், அதே முடிவைத்தான் எடுப்பேன் என்றார். உயிரைக் காப்பாற்ற சர்ஜன் கத்தி வைப்பது எப்படி வன்முறை ஆகாதோ, இதுவும் அப்படித்தான் என்பது அவர் வாதம்.

நாலு பூட்டு போட்ட கதவு

இதைக் கேட்டதும், ஓ... காந்தி கருணைக்கொலைக்கு ஓகே சொல்லிட்டாரா என்று தோன்றும். அவசரப்படாதீங்க. கதவைத் திறந்த கையோடு அதற்கு நாலு பூட்டும் போட்டார்.

முதலாவது, நோய் தீராததாக இருக்கணும். இரண்டாவது, சம்பந்தப்பட்ட எல்லோருமே நம்பிக்கை இழந்திருக்கணும். மூன்றாவது, எந்த உதவியும் பணிவிடையும் பயன்படாத கட்டத்துக்கு நிலைமை போயிருக்கணும். நாலாவது, தன் விருப்பத்தைச் சொல்லவே முடியாத நிலையில் அந்த உயிர் இருக்கணும். நாலில் ஒன்று குறைந்தாலும் உயிரை எடுப்பது அகிம்சை ஆகாது.

மூன்றாவது பூட்டைக் கவனிங்க. பெரும்பாலான மனிதர்களுக்கு அது திறக்கவே திறக்காது. கன்றுக்குட்டியைத் தொட்டாலே வலித்தது. மனிதருக்கு அப்படி இல்லை. புண்ணைத் துடைக்கலாம், திருப்பிப் படுக்கவைக்கலாம், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரலாம். செய்ய ஏதாவது ஒன்று பாக்கி இருக்கும்வரை, கொல்வது கருணை இல்லை. பார்த்துக்கொள்ள முடியாத நம் அலுப்புக்குக் கருணை என்று பேர் வைக்கக் கூடாது. காந்தியின் வாதத்தை அதன் முடிவுவரை கொண்டுபோனால் இங்கேதான் வந்து நிற்கும்.

நாலாவது பூட்டு அதைவிட முக்கியம். பேசக்கூடியவரிடம், அவரைக் கேட்காமல் யாரும் எதையும் செய்யக் கூடாது.

சிறையில் ஒரு பதில், ஆசிரமத்தில் ஒரு குடிசை

அப்படியானால், பேசக்கூடிய ஒருவரே எனக்குப் போதும் என்று சொன்னால்? 1932-ல் எரவாடா சிறையில் காந்தி இதற்கும் பதில் சொன்னதை, அவருடைய செயலாளர் மகாதேவ் தேசாய் டைரியில் குறித்துவைத்திருக்கிறார். தீராத நோயில், பிறருடைய பணிவிடையில் மட்டுமே காலம் தள்ளும் ஒருவருக்குத் தன் வாழ்வை முடித்துக்கொள்ள உரிமை உண்டு என்றார். அதற்கும் உண்ணாமல் இருப்பதே மேல் என்றார். காரணம், அதில் மன உறுதி சோதிக்கப்படும். மனசு மாறினால் திரும்பி வரவும் வழி இருக்கும். அந்த இரண்டாவது காரணம்தான் யோசிக்கவைக்கிறது. சாவைப் பற்றிப் பேசும்போதும், திரும்பி வர ஒரு வாசலைத் திறந்துவைக்கிறார்.

ஆனால், அதே பதிலில் நமக்குக் கொஞ்சம் நெருடும் இடமும் உண்டு. பிறருக்குப் பாரம் என்பது ஒரு காரணமாக முடியுமா? படுத்துக் கிடக்கும் நம்ம ஆச்சியும் தாத்தாவும் அடிக்கடி சொல்லும் வார்த்தையே அதுதானே!

அந்த நெருடலுக்கான பதில் காந்தியின் செயலில் கிடைக்கிறது. அதே எரவாடா சிறையில் இருந்த சம்ஸ்கிருத அறிஞர் பர்ச்சுரே சாஸ்திரிக்குத் தொழுநோய். யாரும் பக்கத்தில் வர அஞ்சிய காலம் அது. சில வருஷம் கழித்து, எங்கும் இடமில்லாமல், சேவாகிராம் ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். காந்தி தன் குடிசைக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார். தன் கையாலேயே புண்களைத் துடைத்தார், எண்ணெய் தேய்த்துவிட்டார். குனிந்து உட்கார்ந்து அவர் உடம்பைத் தேய்த்துவிடும் அந்தப் புகைப்படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருக்கலாம்.

பேச்சில் உரிமை என்றார். செயலில், அந்த மனிதருக்கு வாழ ஓர் இடம் கொடுத்தார்.

இரண்டாவது ஊசி

கடைசிச் சோதனை வீட்டுக்குள்ளேயே வந்தது. 1942 ஆகஸ்ட். வெள்ளையனே வெளியேறு போராட்டம். காந்தியும் கஸ்தூரிபாவும் பூனாவில் ஆகா கான் மாளிகையில் சிறைவைக்கப்பட்டார்கள். போன ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 15 அன்று, மகாதேவ் தேசாய் மாரடைப்பில் இறந்துபோனார்.

1944 தொடக்கத்தில் கஸ்தூரிபாவின் இதயம் தளர்ந்துவிட்டது. மூச்சுத்திணறல். தன்னை யார் பார்க்கணும் என்பதில் அவருக்கு விருப்பம் இருந்தது. இயற்கை மருத்துவர் தின்ஷா மேத்தாவையும் ஓர் ஆயுர்வேத வைத்தியரையும் கேட்டார். அரசு இழுத்தடித்துத்தான் அனுமதி கொடுத்தது. வந்த வைத்தியர் சிவ சர்மாவும் ராத்திரி மாளிகைக்குள் தங்கக் கூடாது என்றார்கள். அவர் கேட்டுக்கு வெளியே காரில் தூங்கினார். சாகக் கிடக்கும் ஒருவரின் சின்ன விருப்பத்துக்கு எத்தனை கையெழுத்து தேவைப்பட்டிருக்கு பாருங்க!

கடைசி மகன் தேவதாஸ் வந்தார். நம்ம ராஜாஜியின் மாப்பிள்ளை. அவர் முயற்சியில் கல்கத்தாவிலிருந்து விமானத்தில் பெனிசிலின் வந்தது. அப்போது அது புத்தம் புது அதிசய மருந்து. போர்க்காலம் என்பதால் சுலபத்தில் கிடைக்காது. அம்மாவைக் காப்பாற்ற அதுதான் கடைசி வழி என்று மகன் நம்பினார்.

சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி குத்தணும் என்று தெரிந்ததும் காந்தி தயங்கினார். அவள் போய்க்கொண்டிருக்கிறாள், இப்போது எதற்கு இந்த வலி என்பது அவர் கேள்வி. மகன் வாதாடினார். கடைசியில் விட்டுக்கொடுத்தார். ஊசி போடப்படவில்லை. 1944 பிப்ரவரி 22, மகா சிவராத்திரி நாள். மாலையில், 62 வருஷம் கூடவே வாழ்ந்த கணவரின் மடியில் கஸ்தூரிபாவின் உயிர் பிரிந்தது. காந்தி நூற்ற நூலில் நெய்த சேலையைத்தான் அவருக்குக் கடைசியாக உடுத்தினார்கள்.

இது சரியா, தவறா? இன்றுவரை வாதம் ஓயவில்லை. ஆறு வாரம் கழித்து காந்திக்கே மலேரியா வந்தது. முதலில் மறுத்தவர், பிறகு குயினைன் மாத்திரை எடுத்துக்கொண்டார். 1924-ல் குடல்வால் பிரச்னை வந்தபோதும், பூனா சாசூன் ஆஸ்பத்திரியில் பிரிட்டிஷ் சர்ஜனிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்தான். தனக்கொரு நியாயம், மனைவிக்கொரு நியாயமா என்று விமர்சகர்கள் கேட்கிறார்கள். பிழைக்கக்கூடிய மலேரியாவும், இதயம் அடங்கிக்கொண்டிருந்த நிலையும் ஒன்றல்ல என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள்.

நமக்கு உறுத்துவது வேறு ஒன்று. டர்பனில், அவளிடம் கேளுங்கள் என்று டாக்டரிடம் சண்டை போட்டவர் காந்தி. ஆகா கான் மாளிகையில் நடந்த ஊசி விவாதத்தைப் படித்தால், அதில் பேசுவது கணவரும் மகனும்தான். கஸ்தூரிபாவின் குரல் அங்கே கேட்கவில்லை. பேசக்கூடிய நிலையில் இருந்த நாள்களில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அந்தப் பதில் யாருக்கும் கிடைக்காமலே போய்விட்டது.

நம்ம ஊர் எண்ணெய்க் குளியல்

மறுபடி தெற்குப் பக்கம் வருவோம். தலைக்கூத்தல் என்ற சொல்லைத் தென் மாவட்டத்துக்காரர்கள் கேள்விப்பட்டிருப்பீங்க. எழ முடியாத முதியவருக்குத் தலை நிறைய எண்ணெய் தேய்த்து, குளிர்ந்த தண்ணீரில் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, காய்ச்சலில் முடியவிடும் பழக்கம். விருதுநகர், மதுரை, தேனி பக்கம் நடந்ததாகச் செய்திகள் வந்தன. ‘பாரம்’ படம் இதைத்தான் பேசியது. ‘கே.டி. (எ) கருப்புதுரை’ படம் ஞாபகம் இருக்கா? கோமாவில் கிடந்த தாத்தா கண் முழிக்கும்போது, பிள்ளைகள் தனக்கு நாள் குறிப்பதைக் கேட்டுவிட்டு ஊரைவிட்டே ஓடுவார். அதுக்கப்புறம்தான் அவர் வாழவே ஆரம்பிப்பார்.

இதைச் செய்த எல்லோரும் கல் நெஞ்சக்காரர்கள் இல்லை. வறுமை, சொத்துத் தகராறு, வருஷக்கணக்காகப் பார்த்துச் சலித்த உடம்பு, நிஜமான இரக்கம் எல்லாம் கலந்துதான் இருந்திருக்கும். ஆனால், காந்தியின் நாலு பூட்டையும் இதில் வைத்துப் பாருங்க. நோய் தீராதா என்று டாக்டர் சொன்னாரா? பணிவிடைக்கு வழியே இல்லையா? முக்கியமாக, தாத்தாவைக் கேட்டாங்களா? மூன்றுக்குமே பதில் கிடைக்காது.

இன்றைக்கு நம்ம கையில் என்ன இருக்கு?

இந்தியச் சட்டம் இப்போது காந்தியின் இரண்டு ஊசிகளையும் தனித்தனியாகப் பார்க்கிறது. கன்றுக்குப் போட்டதுபோல உயிரை எடுக்க ஊசி போடுவது, மனிதர் விஷயத்தில் இன்றைக்கும் குற்றம்தான். நெதர்லாந்து 2002-ல் சில நிபந்தனைகளோடு அதை அனுமதித்தது. இங்கே அனுமதி இல்லை.

கஸ்தூரிபாவுக்குச் செய்ததுபோல, பலன் தராத சிகிச்சையை வேண்டாம் என்று நிறுத்துவது வேறு. மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு முதல் கதவைத் திறந்தது. 2018 மார்ச் 9 அன்று, கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நல்ல நினைவோடு இருக்கும்போதே, எனக்கு இப்படியொரு நிலை வந்தால் வென்டிலேட்டர் வேண்டாம் என்று எழுதிவைக்கலாம். அதற்கு லிவிங் வில் என்று பேர். 2023-ல் நடைமுறை இன்னும் எளிதானது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும். அந்த நிலை நிஜமாகவே வந்தால், இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து உறுதி செய்த பிறகுதான் சிகிச்சையை நிறுத்த முடியும். மகனோ மருமகளோ தனியாக முடிவெடுக்க முடியாது.

மூன்றாவது பூட்டுக்கும் இன்று ஒரு பேர் இருக்கு. பாலியேட்டிவ் கேர், அதாவது வலி தணிப்புச் சிகிச்சை. புற்றுநோயின் கடைசிக் கட்டத்திலும் வலியைப் பெருமளவு குறைக்க மார்ஃபின் போன்ற மருந்துகள் உண்டு. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இந்தச் சிகிச்சை தருகிறார்கள். போதும், என்னை விட்டுடுங்க என்று கேட்பவருக்குச் சில சமயம் தேவைப்படுவது சாவு இல்லை, வலி இல்லாத ஒரு ராத்திரி. அதைக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த கேள்விக்கே போகணும்.

78 வயதில், 1948 ஜனவரி 30 அன்று, மூன்று குண்டுகள் காந்தியின் கதையை முடித்தன. எப்படி இறக்கணும் என்று வாழ்நாள் முழுக்க யோசித்த மனிதருக்கு, அதைத் தீர்மானிக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

நமக்கு வாய்ப்பு இருக்கு. அடுத்த தடவை தென்காசியோ, திருநெல்வேலியோ, உங்கள் சொந்த ஊருக்குப் போகும்போது, அருவிக்குக் கிளம்பும் முன்னால் பத்து நிமிஷம் அந்த உள் அறைக் கட்டிலில் போய் உட்காருங்க. ஆச்சியின் காலைக் கொஞ்சம் பிடித்துவிடுங்க. வலிக்குதா, என்ன வேணும், எது வேண்டாம் என்று கேளுங்க. பதில் சொல்ல அவங்க இருக்கும்போதே கேட்டுடுங்க.